வாயில் ஒன்று, வருவோர் பலர்

பொறியியற் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் மாணவர் ஒருவர் ஆர்டுயீனோ போர்டு ஒன்றை லினக்ஸ் கணினியின் யூஎஸ்பி துவாரத்தில் செருகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போர்டின் சிறு விளக்கு எரிகிறது. புதிய சாதனம் ஒன்று வந்து சேர்ந்திருப்பதைக் கணினியும் உணர்ந்து தன் பட்டியலில் பதிந்துகொள்கிறது. ஆனால் அவர் சிரமப்பட்டு எழுதிய நிரலை அந்தப் போர்டுக்கு அனுப்ப முனையும்போது மட்டும், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி திரையில் தோன்றி, காரியம் அத்தோடு நின்றுவிடுகிறது. கம்பியில் குற்றமில்லை, போர்டில் பழுதில்லை, நிரலிலும் பிழையில்லை. கணினியின் முன் அமர்ந்து, தம் கையாலேயே அதைச் செருகிய அந்த மனிதருக்கு அந்தச் சாதனத்தோடு பேசும் உரிமை உண்டென்று கணினிக்கு இதுவரை எவரும் சொல்லிவைக்கவில்லை என்பதே விஷயம்.

இத்தகைய தருணத்தில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் மார்க்கங்கள் இரண்டு. 'சுடோ' என்னும் கட்டளையை முன்னால் சேர்த்து, கணினியின் சர்வாதிகாரியான 'ரூட்' என்ற பயனரின் பெயரால் அந்த நிரலை இயக்குவது ஒன்று. சாதனத்தை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தொடலாம் என்று '0666' என்ற எண்ணை எழுதிவைத்து, அதன்பின் அந்த நினைவே இல்லாமல் இருந்துவிடுவது மற்றொன்று. இரண்டிலும் வேலை நடந்துவிடும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சிறு சாதனத்தைத் தொடுவதற்காக ஒரு நிரலுக்குக் கணினி முழுவதையும் ஒப்படைப்பதும், ஒருவருக்கு உரிய சாதனத்தை அக்கணினியில் கணக்கு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் திறந்துவிடுவதும், அனுமதி என்ற காரியத்தைச் செய்து முடிப்பதாகாமல் அதைக் கைகழுவி விடுவதாகவே ஆகின்றன என்பது என் உறுதியான அபிப்பிராயம். எந்தச் சாதனம், எந்த மனிதர், எவ்வளவு காலம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் அனுமதியே அனுமதி என்ற பெயருக்குத் தகும். அப்படி விடை சொல்லும் ஏற்பாடு இன்றைய லினக்ஸில் பூரணமாக இருந்தும், அதை அறிந்து பயன்படுத்துவோர் சொற்பமாகவே இருக்கிறார்கள்.

ஏன் இந்தக் கேள்விகள் எழுகின்றன என்பதை அறிய, யூஎஸ்பி பிறந்த காலத்துக்குச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். 1990களின் நடுப்பகுதி வரையில், கணினியின் பின்புறம் விதவிதமான துவாரங்களால் நிறைந்திருந்தது. விசைப்பலகைக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு அகன்றதொன்று, மோடத்துக்கு வேறொன்று என்று ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம் கொண்டிருந்தபடியால், எந்தத் துவாரத்தில் எது செருகப்பட்டது என்பதிலிருந்தே இன்ன சாதனம் வந்திருக்கிறது என்று கணினி ஊகித்துக்கொள்ள முடிந்தது. காம்பாக், டிஇசி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் ஒன்றுகூடி வகுத்து, 1996 ஜனவரியில் முதற்பதிப்பாக வெளியிட்ட யூஎஸ்பி நியமம் இந்த வேற்றுமைகளையெல்லாம் ஒழித்து, எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான ஒரே துவாரத்தைத் தந்தது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் சர்வகலாசாலையில் பயின்று இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட், இந்த முயற்சியின் முதன்மைச் சிற்பிகளில் ஒருவர் என்பது இந்திய வாசகர்களுக்குப் பெருமை தரும் செய்தி. சாமானியர்களின் சௌகரியத்துக்காக இத்தனை பெரிய உபகாரத்தைச் செய்த நியமங்கள் கணினி உலகில் மிகச் சிலவே.

ஆனால் துவாரத்தின் வடிவம் சொல்லிவந்த சாட்சியம் அத்தோடு மறைந்துபோயிற்று. வந்திருப்பது விசைப்பலகையா, சேமிப்புக் கருவியா, ஒலிபெருக்கியா என்பதை இனி அந்தச் சாதனமே தன் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. செருகப்பட்ட கணத்தில் கணினி அதனிடம் கேட்பதும், அது பதினெட்டே பைட்டுகளில் தன் ஜாதகத்தை ஒப்புவிப்பதும் யூஎஸ்பியின் முதற்சடங்கு. என்னைச் செய்த நிறுவனத்தின் எண் இது, என் மாதிரியின் எண் இது, நான் இன்ன வகுப்பைச் சேர்ந்தவன் என்பன அதில் அடங்கியிருக்கும். நிறுவன எண்களை யூஎஸ்பி அமலாக்க மன்றம் பங்கிட்டுத் தருகிறது. இன்டெல் நிறுவனத்துக்கு, 1978ஆம் ஆண்டு வெளிவந்து புகழ்பெற்ற அதன் செயலியின் நினைவாகவோ என்று எண்ணும்படி 8086 என்ற எண்ணே அமைந்திருக்கிறது. ஆர்டுயீனோ போர்டுகள் 2341 என்றும், தொடர்முறைத் தகவல் மாற்றிகளுக்குப் பெயர்போன எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லுகள் 0403 என்றும் தம்மை அறிவித்துக்கொள்கின்றன. இந்த அறிமுகத்தைக் கேட்டபின் கணினி அதற்கு ஒன்று முதல் நூற்றிருபத்தேழு வரையுள்ள முகவரிகளில் ஒன்றை அளித்து, தன் அவையில் சேர்த்துக்கொள்கிறது. சாதனம் சொல்வது மெய்தானா என்பதற்கு அத்தாட்சி எதையும் அது கேட்பதில்லை. இந்த ஒரு விவரத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் அபாயங்கள் அனைத்துக்கும் வேர் இதுவே.

சாதனம் உள்ளே வந்த பிறகு அதைத் தொடும் உரிமை யாருக்கு என்ற கேள்வி யூஎஸ்பியைவிட மிகவும் பழையது. டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்ஸனும் யூனிக்ஸ் அமைப்பைப் பற்றி 1974ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், உள்ளீட்டு வெளியீட்டுச் சாதனங்களையும் கோப்புகளாகவே பாவிப்பதால் விளையும் நன்மைகளை எடுத்துரைக்கும்போது, சாதாரணக் கோப்புகளைக் காக்கின்ற அதே பாதுகாப்பு முறை சாதனங்களையும் காக்கும் என்பதை அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த வழியிலேயே வந்த லினக்ஸில், 'டெவ்' என்னும் அடைவின் கீழ் 'பஸ்', அதன் கீழ் 'யூஎஸ்பி', அதன் கீழ் பாதையின் எண், அதன் கீழ் சாதனத்தின் எண் என்று செருகப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு தோன்றுகிறது. அந்தக் கோப்புக்கு ஓர் உடைமையாளர் உண்டு. ஒரு குழு உண்டு. எஞ்சிய அனைவரும் பிறர். படிக்க நான்கு, எழுத இரண்டு என்று கூட்டிவரும் எண்களால் மூவகையாரின் உரிமையும் குறிக்கப்படும். யூஎஸ்பி சாதனங்களுக்கு இயல்பாக அமைவது 0664. அதாவது ரூட் பயனரும் ரூட் குழுவும் படிக்கலாம், எழுதலாம். பிறர் படிக்க மட்டுமே செய்யலாம்.

படிக்கும் உரிமை இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். படிக்கும் உரிமையால் கிடைப்பது மேலே சொன்ன ஜாதகம் மட்டுமே. சாதனத்துக்கு ஒரு கட்டளை அனுப்ப வேண்டுமானாலும், அதனிடமிருந்து ஓர் அளவீட்டைக் கேட்டுப் பெற வேண்டுமானாலும், எழுதும் உரிமை இல்லாமல் லினக்ஸின் கருநிரல் இணங்காது. இந்தக் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. யூஎஸ்பி கோப்பில் எழுதும் உரிமை பெற்ற நிரல், அந்தச் சாதனத்தை ஆண்டுகொண்டிருக்கும் டிரைவரை விலக்கிவிட்டு, தானே அதனுடன் நேரடியாகப் பேசலாம். அது சேமிப்புக் கருவியாயின், கோப்புகளின் மேல் எழுதப்பட்ட உரிமைகளையெல்லாம் பொருட்படுத்தாமல் அதன் ஒவ்வொரு பகுதியையும் வாசிக்கலாம். சாதனம் இடங்கொடுக்குமாயின், அதனுள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ஆதார நிரலையே மாற்றி எழுதிவிடலாம். இவ்வளவு பெரிய அதிகாரம் எல்லோருக்கும் இயல்பாகவே கிடைத்துவிடக் கூடாது என்று நினைத்தவர்கள் தவறாக நினைக்கவில்லை.

பென் டிரைவ், மவுஸ், காமிரா போன்றவற்றைத் தினந்தோறும் செருகுகிறோமே, அங்கெல்லாம் இந்தத் தடை நேர்வதில்லையே என்றால், அவற்றைக் கருநிரலின் டிரைவர்களும் மேசைத்தளத்தின் பிற சேவைகளும் நம் சார்பில் கையாண்டுவிடுகின்றன என்பதுதான் காரணம். கருநிரலில் டிரைவர் இல்லாதவையும், பயனரின் நிரலே நேரடியாகப் பேச வேண்டியவையுமான சாதனங்களில்தான் இடர் தலைதூக்குகிறது: சில்லுகளில் நிரலை ஏற்றும் கருவிகள், கணினியோடு இணையும் அலைகாட்டிகள், ஸ்கேனர்கள், மென்பொருள் வானொலிகள், அளவீட்டுக் கருவிகள். இவற்றோடு பழகுவோர் பெரும்பாலும் மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் கைத்திறன் மிக்க ஆர்வலர்களும் என்பதால், அனுமதி என்ற இந்தச் சிறு விஷயம் கல்விக்கே ஒரு தடைக்கல்லாக நிற்பதை ஆய்வுக்கூடங்களில் காணலாம்.

அவர்களுள் சிலர் கோப்பின் உரிமையைக் கையாலேயே மாற்றிப் பார்த்து, வேலை நடந்ததும் மகிழ்ந்து, மறுநாள் சாதனத்தைச் செருகியதும் பழைய தடையே மீண்டும் எதிர்ப்படக் கண்டு திகைக்கிறார்கள். செருகும்போதெல்லாம் கோப்பு புதிதாகப் பிறக்கிறது, சாதனத்தின் எண்ணும் மாறுகிறது, நேற்றைய கோப்பும் அதற்கு நாம் அளித்த உரிமையும் நேற்றே மறைந்துவிட்டன என்பதை அவர்களுக்கு எவரும் விளக்கியிருக்க மாட்டார்கள். கோப்புக்கு அனுமதி அளிப்பதில் பயனில்லை. கோப்பு பிறக்கும் ஒவ்வொரு முறையும் தானாகவே பொருந்தும்படி ஒரு விதியை எழுதிவைக்க வேண்டும்.

அந்த விதிகளை நிறைவேற்றி வைப்பதற்கென்று அமைந்த ஏற்பாட்டின் பெயர் 'யூடெவ்'. அதற்கு முந்தைய காலத்தில், இருக்கும் சாதனங்களுக்கும் இல்லாத சாதனங்களுக்குமாக ஆயிரக்கணக்கான கோப்புகளை 'டெவ்' அடைவில் முன்கூட்டியே உண்டாக்கி வைத்திருந்தார்கள். ரிச்சர்ட் கூச் உருவாக்கிய 'டெவ்எஃப்எஸ்' உண்மையில் இருக்கும் சாதனங்களுக்கு மட்டுமே கோப்புகளைத் தோற்றுவித்து அந்தக் குறையைப் போக்கிற்று. ஆயினும் என்ன பெயர், யாருக்கு உரிமை என்ற நிர்வாகத் தீர்மானங்களும் கருநிரலுக்குள்ளேயே குடியேறிவிட்டன என்ற ஆக்ஷேபணை அதன்மீது எழுந்தது. 2003ஆம் ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் கிரெக் குரோவா ஹார்ட்மன் முன்வைத்த யூடெவ், சாதனம் வந்தது, போயிற்று என்ற செய்தியை மட்டும் கருநிரல் அறிவிக்கட்டும், பெயரையும் உரிமையையும் வெளியிலுள்ள நிரல் ஒன்று, நிர்வாகி எழுதிவைத்த விதிகளைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தது. இந்தப் பிரிவினையை நான் மிகவும் போற்றுகிறேன். யந்திரத்தின் இயக்கத்தை அறிந்தவர் ஒருவர், அந்த யந்திரத்தை யார் பயன்படுத்தலாம் என்பதை அறிந்தவர் வேறொருவர். இருவருடைய பொறுப்பையும் ஓரிடத்தில் குவித்தால் பின்னவரின் கை கட்டப்பட்டுவிடும். 2012ஆம் ஆண்டில் யூடெவ் 'சிஸ்டம்டி' என்னும் பெருந்தொகுதியோடு இணைந்துவிட்டபோதிலும், விதிகளை எழுதும் முறை ஏறத்தாழ அப்படியே நீடித்து வருகிறது.

விதி எழுதுவது கடினமான வித்தையன்று. 'எல்எஸ்யூஎஸ்பி' என்ற கட்டளையை இட்டால், செருகப்பட்டவற்றின் பட்டியலோடு ஒவ்வொன்றின் நிறுவன எண்ணும் மாதிரி எண்ணும் தெரியவரும். 'ஈடிசி' அடைவின் கீழுள்ள யூடெவ் விதிகளின் அடைவில், எண்ணில் தொடங்கி 'ரூல்ஸ்' என்று முடியும் பெயருடைய கோப்பொன்றை உண்டாக்கி, அதில் ஒரே வரியில், யூஎஸ்பி வகையைச் சேர்ந்ததாயும், நிறுவன எண் 0403 ஆயும், மாதிரி எண் 6001 ஆயும் ஒரு சாதனம் வருமானால், அதன் குழு இது, உரிமை எண் 0660 என்று எழுதினால் போதும். நிபந்தனைகளைச் சோதிக்க இரட்டைச் சமக்குறியும், உரிமையை அளிக்க ஒற்றைச் சமக்குறியும் இட வேண்டும் என்பதில் மட்டும் கண்ணுங்கருத்துமாய் இருக்க வேண்டும்; இதில் தடுமாறிப் பொழுதைத் தொலைத்தவர்கள் ஏராளம். பின்பு 'யூடெவ்ஏடிஎம்' கட்டளையால் விதிகளை மறுபடி வாசிக்கச் சொல்லி, சாதனத்தை ஒருமுறை கழற்றிச் செருகினால் விதி அமலுக்கு வந்துவிடும்.

மேற்சொன்ன மாணவரின் ஆர்டுயீனோவுக்கு இந்தச் சிரமமும் தேவையில்லை. அது தொடர்முறைத் துவாரமாகத் தோற்றமளிப்பதால், டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றில் 'டயல்அவுட்' என்ற குழுவில் அவரைச் சேர்த்துவிட்டால் போதும். தொலைபேசி வழியாக மோடம் கொண்டு வெளியூர்க் கணினிகளை அழைத்த காலத்தில் ஏற்பட்ட குழு அது. ஆர்ச் லினக்ஸில் 'யூயூசிபி' என்ற அதைவிடப் பழைய பெயரே வழங்குகிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை ஆதாரமாகக் கொண்டதாகையால், நம்மூர்க் கல்லூரிகளில் அதைக் கையாள்வோருக்கும் டெபியனின் வழிமுறையே பொருந்தும். குழுவில் சேர்த்த பின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தாலன்றி அது பலிப்பதில்லை. 'யூசர்மாட்' கட்டளையால் குழுவில் சேர்க்கும்போது, இருப்பவற்றோடு கூட்டுக என்று பொருள்படும் 'ஏ' என்ற குறியை விட்டுவிட்டால், அந்தப் பயனர் மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்பட்டு, உபுண்டுவில் சுடோ உரிமையையே இழந்து நிற்பார் என்பதையும் ஓர் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன்.

இனி, 0666 என்று எழுதுவதில் என்னதான் கெடுதல் என்ற கேள்விக்கு வருவோம். தம் வீட்டில் தாம் மட்டும் பயன்படுத்தும் கணினிதானே என்று எண்ணுவோர், அந்தக் கணினியில் தம் பெயரால் அல்லாமல் வேறு பெயர்களால் இயங்கும் சேவைகள் எத்தனையோ உள்ளன என்பதை மறந்துவிடுகிறார்கள். அவற்றுள் ஏதேனும் ஒன்று வெளியாரின் வசப்பட்டுவிட்டால், எல்லோருக்கும் திறந்த சாதனம் அவர்களுக்கும் திறந்ததே. ஒப்பந்தப்புள்ளிகளையும் கம்பெனி ஆவணங்களையும் இணைய வழியில் சமர்ப்பிக்கும் தணிக்கையாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் நம் நாட்டில் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனை எண்ணிப் பாருங்கள். அதன் இரகசியச் சாவி வெளியே வராதென்பது மெய்யே. ஆயினும் பின் எண்ணைத் தவறாகச் சிலமுறை கொடுத்தால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்படி இத்தகைய டோக்கன்கள் அமைக்கப்பட்டிருப்பதால், எழுதும் உரிமை பெற்ற எந்த நிரலும் வேண்டுமென்றே தவறான எண்களை அனுப்பி அதைச் செயலற்றதாக்கிவிடக்கூடும். ஒப்பந்தப்புள்ளியின் இறுதி நாளன்று அது நேருமாயின் விளையும் நஷ்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

குழுவுக்கு மட்டும் உரிமை அளிப்பது இதைவிட மேலானது. ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. குழுவில் ஒருமுறை சேர்க்கப்பட்டவர் எங்கிருந்தாலும் உறுப்பினரே. ஆய்வுக்கூடத்தின் கணினி முன் ஒரு மாணவி அமர்ந்து பரிசோதனை செய்துகொண்டிருக்கையில், விடுதியிலிருந்து வலை வழியே அதே கணினியில் நுழைந்த வேறொரு மாணவர், அவள் முன்னிருக்கும் கருவிக்குக் கட்டளை அனுப்பலாம்; அவருக்கும் உரிமை உண்டு. பொதுக் கணினிகளில் இது சிறிய விஷயமல்ல.

இதற்குத் தீர்வாக அமைந்ததே 'யூஆக்சஸ்' என்னும் குறியீடு. விதியில் குழுவின் பெயருக்குப் பதிலாக இந்தக் குறியீட்டைச் சேர்த்துவிட்டால், 'லாகின்டி' என்னும் சேவை, அந்தக் கணினியின் இருக்கையில் அந்த நேரத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைக் கவனித்து, அவருடைய பெயரை மட்டும் அந்தக் கோப்பின் விரிவான உரிமைப் பட்டியலில் சேர்க்கிறது. அவர் வெளியேறினாலோ, வேறொருவர் தம் கணக்கில் அந்த இருக்கைக்கு வந்தாலோ, முன்னவர் பெயரை நீக்கி வந்தவர் பெயரை எழுதுகிறது. பழைய நூல்நிலையங்களில் அரிய சுவடியொன்றை, வாசக மண்டபத்தில் அமர்ந்திருக்கும் வரையில் வாசகர் கையில் தந்து, அவர் எழுந்து போகும்போது திரும்பப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைப் போன்றது இது. எந்தச் சாதனம் என்பதை விதியின் எண்கள் சொல்கின்றன. எந்த மனிதர் என்பதை இருக்கை சொல்கிறது. எவ்வளவு காலம் என்பதை அவர் அங்கே இருக்கும் காலமே சொல்கிறது. ஒலிச் சாதனங்கள், காமிராக்கள், ஸ்கேனர்கள், பாதுகாப்புச் சாவிகள் முதலிய பலவற்றுக்கு சிஸ்டம்டியே இந்தக் குறியீட்டை முன்னதாக இட்டுவைத்திருப்பதால், நாம் அறியாமலே அதன் பயனை நாள்தோறும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் குறியீட்டை எழுதியும் பலனில்லை என்று சலித்துக்கொள்வோர் பெரும்பாலும் கோப்பின் பெயரில் தவறியிருப்பார்கள். விதிக் கோப்புகள் பெயரின் எண் வரிசைப்படி வாசிக்கப்படுகின்றன. குறியீட்டைக் கண்டு உரிமை அளிக்கும் வேலை 73 என்ற எண்ணுடைய கோப்பில் நடக்கிறது. ஆகவே நம் கோப்பு 99 என்று தொடங்குமானால், அது சொல்வதைக் கேட்பதற்கு அங்கே எவரும் இருக்க மாட்டார்கள். 70 என்று பெயரிட்டால் போதும். உரிமை கிடைத்ததா என்பதை 'கெட்ஃபேசில்' என்ற கட்டளை தெளிவாகக் காட்டிவிடும். பயனரின் பெயர் அதில் தனி வரியாகத் தோன்ற வேண்டும்.

யூஆக்சஸ் முறைக்கும் எல்லைகள் உண்டு என்பதை மறைக்கலாகாது. வலை வழியாக மட்டுமே நுழையும் கணினிகளில் இருக்கை என்பதே இல்லாமையால், அங்கே குழுவைத்தான் நாட வேண்டும். உரிமை நீங்குமுன் ஒருவருடைய நிரல் சாதனத்தின் கோப்பைத் திறந்துவைத்திருந்தால், பெயரை நீக்கியபின்னும் அந்தத் திறப்பு மூடப்படுவதில்லை. இரண்டாவது குறை உண்மையில் வருந்தத்தக்கதே. ஆயினும் 0666 என்ற எண்ணோடு ஒப்பிட்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது.

இதுவரை சொன்னதெல்லாம் மனிதருக்குச் சாதனத்தின்மீதுள்ள உரிமையைப் பற்றியது. சாதனத்துக்குக் கணினியின்மீது என்ன உரிமை என்ற மறுபக்கத்தைப் பலகாலம் எவரும் கேட்கவில்லை. 2008ஆம் ஆண்டு மத்தியக் கிழக்கிலுள்ள ஒரு தளத்தில் அமெரிக்க இராணுவத்தின் மடிக்கணினி ஒன்றில் செருகப்பட்ட பென் டிரைவ் வழியாகத் தீய நிரலொன்று இரகசிய வலைகள் வரை பரவியதை, அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலராயிருந்த வில்லியம் லின் 2010இல் ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத் தொடர்பற்ற ஈரானிய அணு நிலையத்தைத் தாக்கப் பென் டிரைவையே ஊர்தியாகக் கொண்டது. இல்லினாய் சர்வகலாசாலையின் வளாகத்தில் ஆராய்ச்சியாளர்கள் 297 பென் டிரைவுகளை ஆங்காங்கே போட்டுவைத்து, 2016இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் குறைந்தது நூற்றுக்கு நாற்பத்தைந்தில் உள்ள கோப்புகளை எடுத்தவர்கள் திறந்து பார்த்திருந்தார்கள். முதலாவது டிரைவ் ஆறு நிமிஷங்களுக்குள் செருகப்பட்டுவிட்டது. கண்டெடுத்த பொருளை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தால் திறந்தவர்களும் அவர்களுள் உண்டு என்பதைக் கேட்கும்போது மனம் வருந்துகிறது.

இவை பென் டிரைவுக்குள் இருந்த கோப்புகளால் வந்தவை. 2014ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில், பெர்லினைச் சேர்ந்த கார்ஸ்டன் நோலும் யாகோப் லெல்லும் காட்டியதோ இதைவிட ஆழமானது. பென் டிரைவின் உட்சில்லில் பதிந்துள்ள ஆதார நிரலையே மாற்றி எழுதி, அது தன்னை விசைப்பலகை என்று அறிமுகம் செய்துகொள்ளும்படி அவர்கள் செய்தார்கள். விசைப்பலகை என்றால் கணினி மறுபேச்சின்றி நம்பும். அதிலிருந்து வரும் எழுத்துகளை முன்னால் அமர்ந்திருப்பவரே தட்டியதாகக் கொள்ளும். நாம் பாடுபட்டு எழுதிய யூடெவ் உரிமைகள் இங்கே துணைக்கு வருவதில்லை. விசைப்பலகையைக் கருநிரலின் டிரைவரே நேரில் ஏற்றுக்கொள்கிறது. கோப்பின் உரிமையைப் பார்க்க வேண்டிய அவசியமே அங்கே எழுவதில்லை. நிறுவன எண்ணையும் மாதிரி எண்ணையும் நம்பி நாம் எழுதும் விதியும் சாதனத்தின் வாய்மொழியை நம்பியே எழுதப்படுகிறது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

இந்த மறுபக்கத்துக்கும் கருநிரலில் ஒரு கைப்பிடி இருக்கிறது. 2007ஆம் ஆண்டிலேயே, அப்போது பேசப்பட்ட கம்பியில்லா யூஎஸ்பியை முன்னிட்டு, ஒவ்வொரு சாதனத்துக்கும் 'அங்கீகாரம்' என்ற ஒரு பண்பு சேர்க்கப்பட்டது. அதில் பூஜ்யம் எழுதப்பட்டால், சாதனம் தன்னை அறிமுகம் செய்துகொண்டபின் அதற்குமேல் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. இதை ஆதாரமாகக் கொண்டு ரெட் ஹாட் நிறுவனத்தின் பொறியாளர்கள் வளர்த்த 'யூஎஸ்பிகார்டு' என்னும் சேவை, நிர்வாகியின் பட்டியலிலுள்ள சாதனங்களை ஏற்று, மற்றவற்றைத் தடுத்து வைக்கிறது. வரிசை எண், செருகப்பட்ட துவாரம், அறிவித்துக்கொண்ட வகுப்புகள், அறிமுகத் தகவலின் கணிப்பு முத்திரை ஆகிய அனைத்தையும் அது ஒப்பிட்டுப் பார்ப்பதால், சேமிப்புக் கருவியாக நேற்று வந்தது இன்று விசைப்பலகையாகவும் வருமானால் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சேவையைத் தொடங்குமுன் இப்போது செருகியிருப்பவற்றை வைத்து முதற்பட்டியலைத் தயாரித்துக்கொள்ள மறந்தால், தன் விசைப்பலகையே தடுக்கப்பட்டு நிர்வாகி செய்வதறியாது நிற்க நேரிடும்.

விண்டோஸில் அலுவலகங்கள் பொதுவாகச் செய்வது, பதிவேட்டில் யூஎஸ்பி சேமிப்புச் சேவையின் தொடக்க எண்ணை மூன்றிலிருந்து நான்காக மாற்றிப் பென் டிரைவுகளைச் செயலற்றதாக்குவது. விசைப்பலகை வேஷம் போடும் சாதனத்துக்கு அது தடையாகாது. ஆப்பிள் நிறுவனம் 2022இல் வெளியிட்ட மாக் ஓஎஸ் வென்சுரா, தன் சொந்தச் சில்லு பொருந்திய மடிக்கணினிகளில், புதிய சாதனம் செருகப்பட்டதும் இதை இணைக்கலாமா என்று பயனரையே கேட்கிறது. சாதாரண மேசைக் கணினிகளில் இயங்கும் லினக்ஸும் அந்தக் கேள்வியைக் கேட்கும் நாள் வர வேண்டுமென்பது என் விருப்பம்.

அது வரும்வரை, கருவிகளைச் செய்து விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கலாம். தங்கள் கருவியோடு தரும் நிறுவல் குறிப்புகளில் 0666 என்ற வரியை அச்சிடும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. ஆயிரம் மாணவர்கள் அதைப் பார்த்து எழுதி, ஆயிரம் கணினிகளில் அது காலமெல்லாம் தங்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக 70 என்று தொடங்கும் கோப்பொன்றை, உரிமை எண் 0660 என்றும் யூஆக்சஸ் குறியீடு என்றும் இரண்டே சொற்களை மாற்றி எழுதித் தர அவர்களுக்கு ஒரு பைசாவும் செலவாகாது. ஆய்வுக்கூடங்களைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களும் இந்தப் பருவத் தொடக்கத்திலேயே தங்கள் கணினிகளின் விதி அடைவைத் திறந்து, அங்கே 0666 எங்கெல்லாம் குடியிருக்கிறதென்று பார்த்து, ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம். மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நலம்.